பிள்ளைகள் வருகிறார்களா என்று கேட்டுத்தான் ரவை எடுப்பேன்

மகனே,

கடையின் பின்பக்கம் இன்னும் விற்காமல் கிடக்கும் ரவை மூட்டைமேல் ஒரு அட்டையை வைத்து இதை எழுதுகிறேன். தீபாவளி முடிந்து, கார்த்திகை விளக்கும் ஏற்றியாகிவிட்டது. ரவை மட்டும் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. "வாட்சப்புல பேசி அனுப்பினா போதாதா, எதுக்கு உக்காந்து எழுதிக்கிட்டு இருக்க?" என்று உன் அப்பா கேட்கிறார். பேச்சை நம்பியதால்தான் இந்த மூட்டைகள் இங்கே கிடக்கின்றன என்று அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே கேட்பார், அது அவர் குணம். உனக்கென்று எழுதினாலும் இதை நான் ஒளித்துவைக்கப் போவதில்லை. நம் தெருவிலிருந்து கட்டாருக்கும் குவைத்துக்கும் கொழும்புக்கும் போன பிள்ளைகள் எத்தனையோ பேர். அவர்கள் கண்ணில் பட்டாலும் படட்டும். அவர்களுடைய அம்மாமார் சொல்ல வெட்கப்படுவதை நான் சொல்லிவிடுகிறேன். எனக்கு வாய் நீளம் என்பது நாவலப்பிட்டி பஸ் நிலையம் முழுக்கத் தெரிந்த சங்கதிதானே.

நம் கடையைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்ல வேண்டும்போல் இருக்கிறது, பொறுத்துக்கொள். நீ அங்கே கட்டாரில் பெரிய சூப்பர் மார்க்கெட் ஒன்றின் களஞ்சியத்தில் ஸ்டோர் கீப்பர். உங்கள் சாமான்களை வண்டி தூக்கி, கூரை உயரத்துக்கு அடுக்குகிறது என்று வீடியோவில் காட்டினாய். இங்கே மூட்டை தூக்க இருப்பது உன் அப்பாவின் முதுகும் என் வாயும்தான். அவர் தூக்குவார், நான் "பாத்து, பாத்து" என்று கத்துவேன். தேயிலைத் தோட்டங்களுக்குப் போகும் பஸ்கள் நிற்குமிடத்துக்குப் பின்னால் இருக்கும் இந்தச் சின்னக் கடை, வருஷத்தில் பாதி நாள் ஈயோட்டும். பெரிய ரோட்டில் கண்ணாடிக் கதவு போட்ட கடை வந்தபிறகு அதுவும் கூடிப்போயிற்று. ஆனால் தீபாவளிக்கு முன்னால், தோட்டத்தில் பண்டிகை அட்வான்ஸ் போட்டுவிட்டார்கள் என்ற செய்தி வந்துவிட்டால், மலையிலிருந்து இறங்கும் ஒவ்வொரு பஸ்ஸும் நம் வாசலில்தான் ஆட்களைக் கொட்டும். அந்தச் சில நாள் வியாபாரத்தில்தான் மீதி வருஷம் நாங்கள் மூச்சு விடுகிறோம்.

அதனால் புரட்டாசி பிறந்ததுமே எனக்குக் கை துறுதுறுக்க ஆரம்பித்துவிடும். முதலில் சாக்கு அடுக்கும் தரைப்பலகைகளை வெளியே எடுத்துக் கழுவிக் காயவைக்க வேண்டும். காயவைக்க என்று சொல்வது எழுத்தில் சுலபம். நாவலப்பிட்டி மழை உனக்கு மறந்திருக்காது. அங்கே மழை பெய்தால் வேலையை விட்டு வெளியே ஓடிப்போய்ப் பார்ப்பீர்கள் என்று சொன்னாயே, அந்த மழையைத்தான் இங்கே நான் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருக்கிறேன். பலகை காய்ந்ததும் சாக்குகளைச் சுவரோடு ஒட்டாமல் அடுக்க வேண்டும், இல்லாவிட்டால் சீனி கசிந்துபோகும். உளுந்தைப் புடைக்க வேண்டும். எலிக்கு வழி விடாமல் பின்கதவின் கீழ் இடுக்கை அடைக்க வேண்டும். இதையெல்லாம் யாரும் செய்யலாம். யோசித்துச் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். எதை எவ்வளவு எடுப்பது? குறைத்து எடுத்தால் வந்த சனம் கண்ணாடிக் கதவுக் கடைக்குப் போய்விடும், ஒருமுறை போனவர்கள் திரும்பமாட்டார்கள். கூட்டி எடுத்தால் மிஞ்சியதை வண்டு தின்னும்.

உன் அப்பா போன வருஷம் என்ன போனதோ அதையே இந்த வருஷமும் சொல்வார். நான் அப்படியில்லை. கடைக்கு வரும் ஒவ்வொருவரிடமும், ஒரு தேயிலை பக்கெட் வாங்க வந்தவரிடம்கூட, "தீபாவளிக்கு பிள்ளைங்க வர்றாங்களா?" என்று கேட்டுவிடுவேன். வீட்டில் கிழவனும் கிழவியும் மட்டும் என்றால் பேருக்கு ஒரு பலகாரம் சுடுவார்கள், அவ்வளவுதான். கொழும்புக் கடையில் நிற்கும் மகன் வருகிறான் என்றால் முறுக்குக்கு மாவும், லட்டுக்கு ரவையும், பொரிக்க எண்ணெயும் கூடப் போகும். கலியாணமான மகள் பிள்ளைகளோடு வருகிறாள் என்றால் அது தனிக் கணக்கு. மொத்தக் கடை ரசீன் நானா கட்டுகஸ்தோட்டையிலிருந்து வேனில் வந்து, "என்ன தங்கச்சி, இந்த முறை எவ்வளவு போடட்டும்?" என்று கேட்கும்போது என் மனதில் தொகை எதுவும் ஓடாது. எந்தத் தோட்டத்தில் எந்த லயத்து வீட்டுக்கு யார் யார் வருகிறார்கள் என்று முகங்கள்தான் ஓடும். அதைப் பார்த்துத்தான் நான் வாய் திறப்பேன்.

நீ இங்கே இருந்தபோது இதைக் கேட்டு எவ்வளவு சிரிப்பாய்! "அம்மா சாமான் எடுக்கலை, வீடு வீடா குடிமதிப்பு எடுக்குறாங்க" என்று ரசீன் நானாவிடமே சொல்லிச் சிரித்தாய். பிறகு நீயே ஒரு வழி கொண்டுவந்தாய். மா, ரவை, சீனி, கடலைப்பருப்பு, எண்ணெய், ஏலக்காய் என்று ஒரு வீட்டுக்குப் பலகாரம் சுடத் தேவையான எல்லாவற்றையும் முன்கூட்டியே நிறுத்து ஒரே சொப்பிங் பையில் போட்டுக் கட்டி வைக்கலாம் என்றாய். நான் குதித்தேன். "ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு பக்குவம்டா, எல்லாத்தையும் ஒரே பையில போட்டா எவ வாங்குவா?" என்று கத்தினேன். நீ பதிலுக்குக் கத்தாமல் உட்கார்ந்து கட்டிக்கொண்டே இருந்தாய். பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று பறந்துகொண்டு வந்தவர்கள் எல்லாரும் அந்தப் பையைத்தான் அள்ளிக்கொண்டு போனார்கள். இப்போதும் அப்படித்தான் கட்டுகிறோம். "தம்பி பை ஒண்ணு குடுங்க" என்றுதான் கேட்கிறார்கள். நீ போய் இத்தனை காலமாகியும் உன்னைக் கேட்டுக்கொண்டுதான் வருகிறார்கள் என்று நினைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு பையையும் எடுத்துக் கொடுப்பேன்.

நீ போன வருஷம் எப்படிப்பட்டது என்று உனக்கு ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. பால்மா இல்லை, எண்ணெய் இல்லை, காஸ் இல்லை. கடை இருந்தது, அதற்குள் சாமான் இல்லை. வெறும் தட்டுகளைத் துடைத்துக்கொண்டு நின்ற நீ, ஒரு நாள் துணியைக் கீழே போட்டுவிட்டு, "நான் போறேம்மா" என்றாய். "போறேன்னு சொல்லாதடா, போயிட்டு வர்றேன்னு சொல்லு" என்றுதான் எனக்கு வாயில் வந்தது. வேண்டாம் என்று சொல்லவில்லை. அன்றைக்கு வேண்டாம் என்று சொல்ல எந்த அம்மாவுக்கும் வாய் வந்திருக்காது. நீ போனதும் உன் அறையைப் பண்டிகைக் காலத்தில் சாமான் வைக்கும் அறையாக்கிவிட்டோம். கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாய்த்துவிட்டு, சீனியும் மாவும் அங்கேதான். வீட்டிலேயே ஈரம் ஏறாத அறை அது.

இனி ஒரு சங்கதி சொல்கிறேன், இது உன் களஞ்சியத்தில் யாரும் சொல்லித்தர மாட்டார்கள். "பிள்ளைங்க வர்றாங்களா?" என்று கேட்டால் எல்லாரும் உண்மை சொல்வதில்லை. உண்மையிலேயே பிள்ளை வருபவள் "ம், வர்றான்னுதான் சொன்னான், பாப்பம்" என்று அலுத்துக்கொள்வாள். லீவு கிடைக்குமோ, பஸ்ஸில் இடம் கிடைக்குமோ என்று ஆயிரம் குறை சொல்வாள். பிள்ளை வராதவள்தான் சத்தமாகப் பேசுவாள். எந்த நாள், எந்த பஸ், என்ன கொண்டுவருகிறான் என்று கேட்காத விவரமெல்லாம் சொல்வாள். மேல் தோட்டத்து மாரியாயி அக்காவை நினைவிருக்கிறதுதானே, அவர்களுடைய மகள் செல்வி குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். "செல்வி வர்றா தங்கச்சி, இந்த வருசம் நிச்சயமா வர்றா" என்று அவர்கள் கடை முழுக்கக் கேட்கும்படி சொல்வார்கள். செல்வி வந்ததே இல்லை. நான் எதுவும் காட்டிக்கொள்ளாமல், மனதுக்குள் அந்த வீட்டுக்குரியதை மட்டும் குறைத்துக்கொள்வேன். இந்தத் தள்ளுபடியில் எனக்கு ஒரு கெட்டிக்காரத்தனம் இருந்தது. ரவை, மா எல்லாம் அநேகமாகச் சரியாக வந்துவிடும். ஆனால் லட்டில் போடுகிற கஜுப் பருப்பும் பிளம்ஸ் என்கிற திராட்சை வற்றலும் மட்டும் ஒவ்வொரு வருஷமும் முந்தித் தீர்ந்துபோகும். அது ஏன் என்று உன் அப்பாவும் நானும் மண்டையை உடைத்துக்கொள்வோம்.

இந்தப் புரட்டாசியில் ஒரு நாள் பின்னேரம் நீ வாட்சப்பில் எடுத்தாய். வெளியே மழை சோவென்று கொட்டிக்கொண்டிருந்தது. இங்கே மழை வந்தால் சிக்னல் என்ன பாடுபடும் என்று தெரியும்தானே. நீ சீருடை போட்டுக்கொண்டு வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாய். "தீபாவளிக்கு வர்றியாப்பா?" என்று கேட்டேன். ஊரையெல்லாம் கேட்கிறேன், உன்னைக் கேட்கக்கூடாதா? படம் அப்படியே நின்றுவிட்டது. பாதி திறந்த வாயோடு உன் முகம் அசையாமல் நிற்க, குரல் மட்டும் உடைந்து உடைந்து வந்தது. அதில் எனக்குத் தெளிவாகக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "வர்றேம்மா." அப்புறம் லைன் போய்விட்டது.

நான் திருப்பி எடுக்கவில்லை. சிக்னல் இல்லை என்பது சும்மா சொல்லும் சாட்டு. சிக்னல் வந்தபிறகும் எடுக்கவில்லை. அடுத்தடுத்த நாட்கள் நீ பேசியபோதும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. திரும்பக் கேட்டால் மாறிவிடுமோ என்று பயம். "சரியா கேட்டியா?" என்று உன் அப்பா ஒரே ஒரு தடவை கேட்டார். "என் மகன் கொரல் எனக்குத் தெரியாதா?" என்று அவர்மேல் பாய்ந்தேன். ஆனால் மறுநாள் அவரே போய் உன் கட்டிலை இறக்கிப் போட்டு, காலுக்குக் கீழே அட்டை வைத்து ஆடாமல் சரிசெய்துகொண்டிருந்ததைப் பார்த்தேன். அவருக்கும் ஆசைதான், சொல்லமாட்டார்.

அப்புறம் நான் அடித்த கூத்தைக் கேள். உன் அறையில் சாமான் வைக்கக்கூடாது என்றுவிட்டேன். அதைத் தூத்துக் கழுவி, ஜன்னலுக்குப் புதுத் துணி போட்டேன். சீனியெல்லாம் கடைக்குப் பின்னால் இருக்கும் நடையில் அடுக்கப்பட்டது. அங்கே தகரத்தில் ஓட்டை இருப்பது உனக்கே தெரியும். கஜுவில் நல்லதாக ஒரு பக்கெட் எடுத்து வீட்டுக்குள் ஒளித்து வைத்தேன், நீ ரவை லட்டில் கஜுவை மட்டும் பொறுக்கித் தின்பவன் என்பதால். கடைக்கு வந்த எல்லாரிடமும், அவர்கள் கேட்பதற்கு முன்னாலேயே, "மகன் வர்றான்" என்றேன். எல்லாவற்றையும்விட மோசம் என்னவென்றால், எனக்கிருந்த சந்தோஷத்தில் நான் யாருடைய பேச்சிலும் தள்ளுபடி செய்யவில்லை. "வர்றாங்க" என்று சொன்ன ஒவ்வொருத்தியையும் நம்பினேன். என் மகனே வரும்போது இவர்களுடைய பிள்ளைகள் மட்டும் வராமலா போவார்கள் என்று இருந்தது. மாரியாயி அக்கா "செல்வி வர்றா" என்றபோதுகூட, "வரட்டும்க்கா, ரெண்டு பேரும் ஒரே பிளேன்ல வந்தாலும் வருவாங்க" என்றேன். ரசீன் நானா நான் சொன்ன அளவைக் கேட்டுவிட்டுப் பேனையைக் கீழே வைத்துவிட்டார். "தங்கச்சி, நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?" என்றார். "என் மகன் வர்றான் நானா" என்றேன். அதற்குமேல் அந்த மனுஷனும் என்ன சொல்வார், எழுதிக்கொண்டு போனார்.

தீபாவளிக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது நீ மறுபடி எடுத்தாய். அன்றைக்கு வெயில். படம் கண்ணாடிபோல் தெளிவாக இருந்தது. "அம்மா, இங்க தீபாவளி ஸ்டொக் வந்து குவியுது. இந்தியா ஆளுங்க அள்ளிக்கிட்டுப் போவாங்க. பண்டிகை முடியிற வரைக்கும் ஒருத்தனுக்கும் லீவு இல்லைன்னுட்டாங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். நீ வருவதாகச் சொன்ன நினைவே உன் முகத்தில் இல்லை. "நம்ம கடையில எப்படி, நல்லா கூட்டமா?" என்று கேட்டாய். "நல்ல கூட்டம்பா" என்றேன். கடைசியில், ஒவ்வொரு நாளும் சொல்வதுபோல், "சரிம்மா, டூட்டிக்குப் போயிட்டு வர்றேம்மா" என்றாய்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அன்றைக்கு மழையில் நீ சொன்னதும் இதைத்தான். முன்பாதியை மழை தின்றுவிட்டது, பின்பாதியை நான் பிடித்துக்கொண்டேன். போகிறேன் என்பதை வருகிறேன் என்று சொல்லும் சனம் நாம். வாசலைத் தாண்டும்போது "போறேன்" என்று சொன்னால் பதறிப்போய்த் திருத்துவேன், உன்னையும் திருத்தியவள் நான்தான். நான் சொல்லிக்கொடுத்த சொல்லே எனக்கு வந்து விழுந்தது. நீ பொய் சொல்லவில்லை, உன்மேல் எந்தப் பிழையும் இல்லை. அதை முதலில் விளங்கிக்கொள். போனை வைத்துவிட்டு நான் நடைக்குப் போய்ப் பார்த்தேன். தகர ஓட்டையின் கீழே இருந்த சீனி மூட்டை ஒன்று அடியில் கசிந்து தரையெல்லாம் பிசுபிசுத்துக் கிடந்தது. அதைத் துடைக்கிற சாட்டில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். உன் அப்பா வந்து பார்த்துவிட்டு, இன்னொரு துணியை எடுத்துக்கொண்டு மறுபக்கம் துடைத்தார்.

ஆனால் கடையில் யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? ஊரெல்லாம் மேளம் தட்டியாயிற்றே. தீபாவளிக்கு முதல்நாள் காலையிலிருந்து கடையில் நிற்க இடமில்லை. மாரியாயி அக்கா கூட்டத்துக்குள்ளே தலையை நீட்டி, "தம்பி வந்திருச்சா தங்கச்சி?" என்று கேட்டார்கள்.

"வந்துகிட்டு இருக்கான்க்கா! கொழும்புல எறங்கிட்டான். ரயில்ல வர்றான். பெட்டி பெரிசு, அதான் பஸ்ல வரலை. சொக்லட் எல்லாம் கொண்டு வர்றானாம், லயத்துப் பிள்ளைங்களுக்கெல்லாம் குடுக்கணும்னு சொன்னான்!"

சொல்லி முடித்தபிறகுதான் என் சத்தம் என் காதிலேயே விழுந்தது. கேட்காத விவரம் அத்தனையும் சொல்லிவிட்டேன். மாரியாயி அக்கா தன் பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அரிசி மூட்டைப் பக்கமாக ஒதுங்கி நின்றார்கள். மற்றவர்களை முதலில் வாங்க விட்டார்கள். கூட்டம் கொஞ்சம் குறைந்ததும் கிட்டே வந்து, "எந்த ரயிலு தங்கச்சி?" என்று மெதுவாகக் கேட்டார்கள்.

தராசுத் தட்டைத் துடைத்தேன்.

"செல்வியும் வரலை" என்றார்கள். "போன வருசமும் வரலை. அதுக்கு மொதல்லயும் வரலை."

"தெரியும்க்கா."

"உனக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும்."

"அப்புறம் ஏன்க்கா வருசா வருசம் கஜுவும் பிளம்ஸும் கேட்டு வாங்குறீங்க?"

அவர்கள் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் கோபமும் இருந்தது. "வர்ற பிள்ளைக்கு எதுக்குடி கஜு? அது வந்து நின்னா வெறும் சோத்தப் போட்டாலும் திங்கும். வராத பிள்ளைக்குத்தான் பாத்துப் பாத்து வாங்கணும். நீ கடை போட்டு இவ்வளவு காலமாச்சு, இதுகூடத் தெரியலையா? எங்க பொய்யிலதான் தங்கச்சி ஒன் கடையே ஓடுது."

எனக்குச் சுருக்கென்றது. இன்னொரு நாளாக இருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன். அன்றைக்கு முடியவில்லை, ஏனென்றால் உண்மை. கஜு ஏன் முந்தித் தீர்கிறது என்று உன் அப்பாவும் நானும் உடைத்துக்கொண்ட மண்டைக்கு அந்த அம்மா ஒரே மூச்சில் மருந்து போட்டுவிட்டார்கள். ரவை வருகிற பிள்ளைகளைப் பார்த்துப் போகிறது. கஜு வராத பிள்ளைகளைப் பார்த்துப் போகிறது. இத்தனை வருஷமாக நான் தள்ளுபடி செய்த வீடுகளில்தான் அதிகமாக வாங்கியிருக்கிறார்கள்.

"குடு, கால்கிலோ கஜு" என்றார்கள். கடையில் கஜு ஒரு பருப்புக்கூட இல்லை. வழக்கம்போல் தீர்ந்துபோயிருந்தது. நான் உள்ளே போய், உனக்கென்று ஒளித்து வைத்திருந்த பக்கெட்டை எடுத்துவந்து அவர்களுடைய பையில் வைத்தேன். அதை வெளியே எடுத்துத் திருப்பிப் பார்த்தார்கள். கடையில் விற்கிற கஜு இல்லை, முழுசு முழுசாகப் பொறுக்கி எடுத்தது என்று கண்டுபிடிக்க அவர்களுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்? "தம்பிக்கு வச்சிருந்ததா?" என்றார்கள். நான் தலையை ஆட்டினேன். பக்கெட்டைப் பல்லால் கடித்துப் பிரித்து, என் தராசுத் தட்டில் பாதியைக் கொட்டிவிட்டு மீதியைச் சுற்றி மடியில் செருகிக்கொண்டார்கள். "செல்விக்கு இது போதும். ஒன் மகனுக்கு நீ சுடு" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார்கள். மழையில் குடையைக்கூட விரிக்காமல் ஓடினார்கள்.

அன்றைக்கு அதற்குப் பிறகு வந்த யாரிடமும் நான் பொய் சொல்லவில்லை. "தம்பி வந்திருச்சா?" என்று கேட்டவர்களிடம், "வரலை, லீவு குடுக்கலையாம்" என்றேன். முதல் தடவை சாமானை நிறுத்துக்கொண்டே, முகம் பார்க்காமல் சொன்னேன். இரண்டாவது தடவை கொஞ்சம் சுலபமாயிற்று. ஒரு அம்மா, அவர் யார் என்று எழுதமாட்டேன், காலையில் வந்து "மகன் நாளைக்கு விடிய வந்திருவான்" என்று சொல்லிவிட்டுப் போனவர், பின்னேரம் திரும்பி வந்து, "எங்க மகனும் வரலைங்க" என்று சொல்லி ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டு, எதுவும் வாங்காமல் எழும்பிப் போனார். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறார், பாவம். தீபாவளியன்று உன் பங்கு கஜுவைப் போட்டு லட்டுப் பிடித்தேன். உன் அப்பா தன் லட்டிலிருந்த கஜுவைப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு மீதியைச் சாப்பிட்டார்.

ரவையைப் பற்றிக் கவலைப்படாதே. கிறிஸ்மஸ் கேக்குக்கு ரவை போகும், கீழ்ப்பக்கத்து வேதக்கார வீடுகளில் கேட்டு வைத்திருக்கிறேன். உன்னைக் குற்றம் சொல்லவும் இதை எழுதவில்லை. நீ சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்பதைத் தவிர உனக்கு நான் புத்தி சொல்லி வெகுகாலமாயிற்று. அதனால் இன்றைக்கு இரண்டு வார்த்தை சொல்கிறேன், கேட்டுக்கொள். உன் களஞ்சியத்தில் கம்ப்யூட்டர் எவ்வளவு சொன்னாலும், பண்டிகை நாளில் கீழே இறங்கி ஒருதரம் கடைக்குள் நடந்து பார். நம் பக்கத்துப் பையன் ஒருத்தன் தனியாக வந்து ஒரு சின்னப் பலகாரப் பெட்டியைக் கையில் எடுத்து, திருப்பிப் பார்த்து, வைத்துவிட்டுப் போவான். அவனுக்கும் ஒரு அம்மா இங்கே கஜு வாங்கிக்கொண்டிருக்கிறாள். முடிந்தால் அவனிடம் பேச்சுக் கொடு. ஊர் எது என்று கேள். அவன் சத்தமாக விவரம் விவரமாகச் சொன்னால், நீ சத்தமில்லாமல் கேட்டுக்கொண்டிரு.

இன்னொன்று. வரமுடியாவிட்டால், "வரலைம்மா" என்று சொல். நான் மனவருத்தப்படுவேன் என்று பார்க்காதே. பட்டால் பட்டுவிட்டுப் போகிறேன், அது என் வேலை. நான் கேட்கப் பயந்ததைப்போல நீ சொல்லப் பயப்படாதே. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டு பேசாமல் இருந்தால், நடுவில் மழைதான் பேசும். உன்னை நினைக்காத நாள் இல்லை மகனே. தராசில் எதையாவது வைத்துவிட்டு நிமிரும்போது நீ மறுபக்கத்தில் பை கட்டிக்கொண்டு நிற்பாய் என்று ஒரு கணம் தோன்றும். அது வெட்கப்பட வேண்டிய விஷயமில்லை என்று இப்போது தெரிந்துகொண்டேன். அதனால் நேராகவே எழுதுகிறேன்: நீ இல்லாமல் எனக்கு இங்கே ஒன்றும் நிறையவில்லை.

நாளைக்கு ரசீன் நானா பொங்கல் ஓடர் எடுக்க வருகிறார். இந்த முறை கஜுவைக் கூட்டிச் சொல்லப் போகிறேன், இனி எந்த வீட்டையும் தள்ளுபடி செய்யமாட்டேன். நம் வீட்டுக்கென்று எடுப்பது மட்டும் இரண்டு பேருக்குத்தான். உன் அப்பாவுக்கும் எனக்கும். உனக்கென்று ஒரு பிடி அரிசிகூடக் கூட்டிச் சொல்லமாட்டேன், சத்தியமாகச் சொல்லமாட்டேன்.

ஆகவே வருவதாக இருந்தால் எனக்கு ஒன்றும் சொல்லாதே. வந்து வாசலில் நில். கடையிலும் எல்லாம் விற்றுத் தீர்ந்து, பானையில் அரிசி போதாமல் நான் கையைப் பிசைய வேண்டும். சர்க்கரை இல்லை, பயறு இல்லை என்று தலைமயிரை முடியக்கூட நேரமில்லாமல் அந்தக் கண்ணாடிக் கதவுக் கடைக்கு நானே ஓட வேண்டும். "கடைக்காரி அரிசி வாங்க வந்திருக்கா, பாருங்க" என்று பஸ் நிலையமே கைகொட்டிச் சிரிக்கட்டும். அந்தச் சிரிப்பை ஒருதரம் கேட்க வேண்டும் எனக்கு.

உன் அம்மா